பார்ப்பும் பிள்ளையும்: ஒரு கருத்தும் மறுப்பும்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயல் மரபியல். உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை முறைப்படுத்திச் சொல்வது அது. இளமைப் பெயர்கள் ஒன்பது என வகுத்த ஆசிரியர், அவற்றுள் பார்ப்பு, பிள்ளை என்னும் இரண்டையும் பறப்பனவற்றுக்கு உரியவை என்கிறார். தவழ்வனவற்றுக்கும் அவை பொருந்தும் என்று அடுத்த நூற்பாவில் கூறுகிறார். பறவைக் குஞ்சுக்கு ஏன் இரண்டு பெயர்கள் என்பதற்கு அவர் காரணம் கூறவில்லை.

ஆசிரியர் கூட்டம் ஒன்றில் நண்பர் ஒருவர் அதற்குக் காரணம் கண்டதாகக் கூறினார். பறவைக் குஞ்சுகள் இருவகைப்படும் என்று இன்றைய விஞ்ஞானம் சொல்கிறதல்லவா? முட்டையிலிருந்து வெளிவந்தவுடனே கண் திறந்து, தூவி போர்த்து, தாமே நடந்து இரை தேடுபவை ஒருவகை. கண் மூடி, உடல் வெறுமையாய், கூட்டில் கிடந்து வாய் பிளப்பவை மற்றொருவகை. ‘பார்ப்பு’ என்பது ‘பார்’ என்னும் வினையடியாகப் பிறந்தது. ஆகவே அது கண் திறந்த குஞ்சு. ‘பிள்ளை’ என்பது பிறர் கையை எதிர்பார்க்கும் குழந்தை. ஆகவே அது கண் மூடிய குஞ்சு. மேனாட்டார் அண்மையில் கண்டதைத் தொல்காப்பியர் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டார் என்று நண்பர் முடித்தார். கூட்டத்தார் கைதட்டினர். அவரோ அதனைத் தம் வகுப்பில் பாடமாகவே நடத்திவிட்டதாகவும் கூறினார்.

கேட்க இனிக்கும் கருத்துதான். ஆனால் ஒரு கருத்து இனிக்கிறது என்பதற்காக அதை மாணவர் தலையில் ஏற்றலாமா? தமிழ்ப் பாடத்தில் கற்றதை விஞ்ஞானப் பாடத்தில் அம்மாணவன் சொல்லி, அங்கே அது நகைப்புக்கு இடமானால், அவன் இழப்பது ஒரு மதிப்பெண் மட்டுமன்று. தமிழாசிரியர் சொல் மீது வைத்த நம்பிக்கையையும் இழப்பான். ஆகவே இதை நிறுத்துப் பார்ப்பது நம் கடமை. விஞ்ஞானம் உண்மையில் கூறுவது என்ன என்பதை முதலில் காண்போம். சங்கச் சான்றோர் அவ்விரு சொற்களையும் எவ்வாறு ஆண்டனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

இருவகைக் குஞ்சுகள்

குஞ்சுகளில் இருவகை உண்டு என்பது மெய்யே. ஜெர்மானியர் இவற்றைக் ‘கூட்டில் இருப்பவை’, ‘கூட்டை விட்டு ஓடுபவை’ என்று பொருள்படும் பெயர்களால் வழங்குவர். இக்கட்டுரை முடியும்வரை முன்னதைக் ‘கூட்டுக் குஞ்சு’ என்றும், பின்னதை ‘ஓடு குஞ்சு’ என்றும் வழங்குவோம்.

நம் தோட்டப்புறங்களில் கோழி வளர்க்காத வீடு முன்பெல்லாம் அரிது. கோழிக் குஞ்சு முட்டையோட்டை உடைத்து வெளிவந்த அன்றே நிலத்தைக் கிளறத் தொடங்குகிறது. அதே வீட்டின் இறைவாரத்தில் கூடு கட்டிய சிட்டுக்குருவியின் குஞ்சோ செந்நிறத் தசைப் பிண்டமாய்க் கிடக்கிறது. வாத்து, காடை, கௌதாரி, உப்புக்கொத்தி ஆகியவை கோழியின் பக்கம். காகம், கிளி, புறா, மீன்கொத்தி, மரங்கொத்தி, இருவாய்ச்சி ஆகியவை குருவியின் பக்கம். இடைப்பட்டவையும் பல உண்டு. கடற்காகத்தின் குஞ்சுக்குக் கண்ணும் தூவியும் பிறக்கும்போதே உண்டு. ஆயினும் அது கூட்டின் அருகே இருந்து பெற்றோரிடம் இரை வாங்கி உண்ணும். அமெரிக்கப் பறவையியலார் மார்கரெட் நைஸ் அம்மையார் 1962 இல் வெளியிட்ட நூலில் இந்நிலைகளைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். ஆகவே இருவகை என்பது கோடு கிழித்தாற்போன்ற பிரிவன்று. இரு முனைகளும் இடையில் பல படிகளும் உள்ள ஏணி எனலாம்.

இவ்வேறுபாடு முட்டையிலேயே தொடங்குகிறது. கூட்டுக் குஞ்சுக்குரிய முட்டையில் மஞ்சட்கரு ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஓடு குஞ்சின் முட்டையில் அது ஐந்தில் இரண்டு பங்கை எட்டும். ஓடு குஞ்சு முட்டைக்குள்ளேயே வளர்ச்சியின் பெரும்பகுதியை முடித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், அதற்குக் கட்டுச்சோறு மிகுதியாக வேண்டும். காலமும் மிகுதியாக வேண்டும். சிட்டுக்குருவி 11 முதல் 14 நாள் அடைகாக்கிறது. உடலளவில் அதைவிடச் சற்றே பெரிய சின்ன உப்புக்கொத்தியோ 24, 25 நாள் அடைகாக்கிறது.

முட்டையை விட்டு வெளிவந்த பின் நிலை தலைகீழாகிறது. ஒரே எடையுள்ள பறவைகளை ஒப்பிட்டால் கூட்டுக் குஞ்சு ஓடு குஞ்சைவிட 3 முதல் 4 மடங்கு விரைவாக வளர்கிறது. இதற்கு ராபர்ட் ரிக்லெஃப்ஸ் என்னும் அறிஞர் கூறிய விளக்கம் எண்ணிப் பார்க்கத்தக்கது. உழைக்கும் தசை விரைந்து வளர இயலாது. விரைந்து வளரும் தசை உழைக்க இயலாது. ஓடு குஞ்சின் கால் பிறந்த நாளிலிருந்தே உழைக்கிறது. ஆகவே மெல்ல வளர்கிறது. கூட்டுக் குஞ்சுக்கு உழைப்பில்லை. வாயும் வயிறுமாக இருந்து உண்டதெல்லாம் உடலாகிறது. இரு வாரத்தில் குருவிக் குஞ்சு கூட்டை விட்டுப் பறக்கிறது. நம் வீட்டு வாத்துகளின் மூதாதையான காட்டு வாத்தின் குஞ்சு முதல் நாளே நீந்தும். ஆனால் பறப்பதற்கு 50 முதல் 60 நாள் ஆகும். அதன் கால் முந்தி வளர, சிறகு நெடுநாள் காத்திருந்து பின்னர் விரைந்து வளர்கிறது.

குஞ்சு வகுத்த உடல்

இங்கேதான் நண்பர் காணத் தவறிய பெரிய உண்மை இருக்கிறது. பறவையின் உடலமைப்பைப் பேசும் நாம் எப்போதும் வளர்ந்த பறவையையே நோக்குகிறோம். அலகு இரைக்கேற்றது, கால் இருப்பிடத்துக்கேற்றது, சிறகு பறப்புக்கேற்றது என்று பாடநூலும் கூறுகிறது. அது தவறன்று, குறையுடையது. வளர்ந்த பறவை ஒவ்வொன்றும் முதலில் குஞ்சாகப் பிழைத்தாக வேண்டும். குஞ்சாகப் பிழைக்க இயலாத உடல், எவ்வளவு சிறந்த பறப்புக்கு உரியதாயினும், தலைமுறை காணாது.

உழவாரக் குருவியைக் காண்க. நம் நாட்டில் நியா, கோமந்தோங் குகைகளிலும், நகரங்களில் இதற்கெனவே எழுப்பிய கட்டடங்களிலும் கூடு கட்டும் பறவை இது. நீண்ட சிறகு, மிகக் குறுகிய கால். அக்கால் சுவரைப் பற்றிக்கொள்ளத்தான் உதவும், நடக்க உதவாது. இப்பறவையின் குஞ்சு பிறந்தவுடனே நடந்து இரை தேட வேண்டியிருந்தால் இத்தகைய உடல் தோன்றியிருக்குமா? தோன்றியிராது. ஒரு மாதத்துக்கு மேல் பெற்றோர் ஊட்டுவதனால்தான் குஞ்சுக்குக் கால் தேவையில்லாமற் போயிற்று. கால் தேவையில்லாமற் போனதனால்தான் உடலின் முதலெல்லாம் சிறகுக்குச் சென்றது. பெற்றோரின் உழைப்பு குஞ்சின் உடலுக்கு விடுதலை அளித்தது என்று இதனைச் சொல்லலாம். மீன்கொத்தியின் ஒட்டிய விரலும், மரங்கொத்தியின் உளியலகும் இவ்விடுதலையின் துணையோடு உண்டானவையே. ஓடு குஞ்சுடைய இனங்களோ பெரும்பாலும் நடக்கவோ நீந்தவோ வல்ல காலை விடாமல் வைத்திருக்கின்றன. முதல் நாளே கால் வேண்டும் என்னும் கட்டளை அவ்வினங்களின் மீது இருக்கிறது.

மூளைக்கும் இது பொருந்தும். முட்டையிலிருந்து வெளிவரும் நாளில் ஓடு குஞ்சின் மூளை பெரிது. கூட்டுக் குஞ்சின் மூளை சிறிது. வளர்ந்து முடிந்தபின் பார்த்தாலோ, உடலளவோடு ஒப்பிடுகையில் கூட்டுக் குஞ்சினத்தின் மூளையே பொதுவாகப் பெரிது. சுவிட்சர்லாந்து அறிஞர் அடால்ஃப் போர்ட்மன் இதனை முன்னரே எடுத்துக்காட்டினார். 2003 இல் பல இனங்களை ஒப்பிட்டு வெளிவந்த ஆய்வும் இதனை வலியுறுத்தியது. காகத்தின் சூழ்ச்சியும் கிளியின் பேச்சும் கூட்டில் கிடந்த நாள்களின் பேறு என்று கூறினால் மிகையாகாது.

இவ்விரண்டில் முந்தியது எது? ஓடு குஞ்சே என்று புதைபடிவங்கள் காட்டுகின்றன. சீனாவின் லியாவோனிங் மாநிலத்தில் கிடைத்த, ஏறத்தாழ 12 கோடி ஆண்டுப் பழமையான பறவைக் கரு ஒன்று 2004 இல் அறிவிக்கப்பட்டது. முட்டைக்குள் சுருண்டிருந்த அக்கருவுக்கு இறகு வளர்ந்திருந்தது, எலும்பும் உறுதியடைந்திருந்தது. மியான்மார் நாட்டு அம்பரில் அகப்பட்ட குஞ்சுச் சிறகுகள் 2016 இல் விவரிக்கப்பட்டன. ஏறத்தாழ 9 கோடியே 90 இலட்சம் ஆண்டுப் பழமையுடைய அச்சிறு சிறகுகளில் வளர்ந்த பறவைக்குரிய இறகுகள் இருந்தன. பழம்பறவைகள் பிறக்கும்போதே தற்காப்புடையனவாயிருந்தன. கூட்டில் வைத்து ஊட்டும் வழக்கம் பின்னர் வந்தது என்பது இவற்றால் பெறப்படும். பின்னர் வந்த அவ்வழக்கமே வென்றது. குருவி, மைனா, காகம் முதலிய கிளையமர் பறவைகள் அனைத்தும் கூட்டுக் குஞ்சுடையவை. இன்றுள்ள பறவையினங்களில் பாதிக்கு மேற்பட்டவை அவையே.

பெற்றோர் உடலில் பதிந்த பாசம்

குஞ்சின் உடல் மட்டுமன்று, ஊட்டும் பெற்றோரின் உடலும் இவ்வழியில் மாறியிருக்கிறது. மேற்சொன்ன உழவாரக் குருவிக்குக் கூடு கட்டும் பருவத்தில் உமிழ்நீர்ச் சுரப்பி பெருக்கிறது. அந்த உமிழ்நீரே உலர்ந்து கூடாகிறது. கடைகளில் விலை மிகுந்த பண்டமாக நாம் காண்பது உண்மையில் ஒரு பறவையின் மகப்பேற்றுக் காலத்து உடல்மாற்றம் ஆகும். புறாவின் இரைப்பை உட்படலம் தடித்து உதிர்ந்து பால்போன்ற உணவாகிறது. ஆண் பெண் இரண்டுமே அதனை ஊட்டுகின்றன. இருவாய்ச்சியினத்தின் பெட்டை மரப்பொந்துக்குள் அடைபட்டு, சேவல் கொணரும் இரையை உண்டு அடைகாக்கிறது. பல இருவாய்ச்சி இனங்களில் பெட்டை அச்சிறையிருப்பின்போது பறக்கும் இறகுகளை உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. அவ்வாறு பறக்க இயலாத நிலையை வெளியில் மேற்கொண்டால் பகைக்கு எளிதில் இரையாக நேரலாம்.

ஓடு குஞ்சுடைய பறவைகளிலும் பெற்றோர் பணி இல்லாமலில்லை. ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலையில் வாழும் கல்கௌதாரியின் குஞ்சுகள் விதையைத் தாமே பொறுக்கி உண்ணும், நீர்தான் கிடையாது. தந்தைப் பறவை தொலைவிலுள்ள நீர்நிலைக்குப் பறந்து சென்று, தன் வயிற்றிறகை நீரில் தோய்த்துக்கொண்டு திரும்புகிறது. குஞ்சுகள் அவ்விறகை உறிஞ்சித் தாகம் தீர்க்கின்றன. மீட்–வால்டோ என்னும் ஆங்கிலேயர் 1896 இல் இதனை எழுதியபோது நம்பாதவர் பலர். கேட், மக்லீன் என்னும் இருவர் 1967 இல் வெளியிட்ட ஆய்வே ஐயத்தைத் தீர்த்தது. மற்ற இறகுகளைப் போலன்றி அந்த வயிற்றிறகு நீரைப் பிடித்து வைக்கும் நுண்ணிய சுருளமைப்பு உடையது என அவர்கள் காட்டினர்.

பருமனைக்கூடக் குஞ்சு வளர்ப்பு மாற்றிவிடும். தாமரைக் குளத்தில் இலைமேல் நடக்கும் இலைக்கோழியில் அடைகாப்பதும் குஞ்சைக் காப்பதும் சேவலின் பொறுப்பு. பெட்டை ஒன்றன்பின் ஒன்றாய்ப் பல சேவலுக்கு முட்டையிட்டுக் கொடுத்து எல்லையைக் காத்து நிற்கும். அங்கே பெட்டையே உடலிற் பெரிது. வளர்ப்பவர் யார் என்பது மாறியதும் பெரியவர் யார் என்பதும் மாறிவிட்டது.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கையும் கூற வேண்டும். உடலமைப்பு முழுவதற்கும் குஞ்சே காரணம் என்று முடித்துவிடலாகாது. நாரையும் சாரசக் கொக்கும் நீண்ட காலும் நீண்ட கழுத்தும் உடையவை. தொலைவிலிருந்து பார்ப்பவர் ஒன்றென மயங்குவர். ஆனால் நாரைக் குஞ்சு வாரக்கணக்கில் கூட்டில் இருப்பது. சாரசக் குஞ்சு பிறந்து சின்னாளிலே பெற்றோர் பின்னே நடப்பது. குஞ்சு வேறாயிருந்தும் உருவம் ஒத்திருக்கிறது. இரை, இடம், பறப்பு, குஞ்சு ஆகிய எல்லாம் கூடியே உடலை வகுக்கின்றன. அவற்றுள் குஞ்சை மறந்திருந்தோம் என்பதே செய்தி.

சான்றோர் செய்யுள் காட்டுவது

இனி, நண்பரின் கருத்துக்கு வருவோம். ‘பிள்ளை’ கண் மூடிய கூட்டுக் குஞ்சு என்றால், சான்றோர் அச்சொல்லை அவ்வாறே ஆண்டிருக்க வேண்டும்.

நற்றிணை 91 ஆம் பாட்டில் ஒரு நாரை வருகிறது. அது தன் பெடையோடு கடலில் துழாவிச் சிறுமீன் தேடுகிறது. உயர்ந்த கிளையின் உச்சியிலுள்ள கூட்டில், தாயை அழைத்துக் கூவும் குஞ்சின் வாயில் அம்மீனைச் சொரிகிறது. இங்குக் குஞ்சுக்குப் புலவர் இட்ட பெயர் பிள்ளை. குறுந்தொகை 46 இல் இறைவாரத்துக் குருவிகள் முற்றத்துத் தானியத்தை உண்டு, மன்றத்துப் புழுதியில் குடைந்தாடி, மாலையில் தம் குஞ்சோடு தங்குகின்றன. அங்கும் பிள்ளை என்பதே சொல். இதுவரை நண்பரின் கருத்து பிழைத்திருக்கிறது.

அதே குறுந்தொகையில் 139 ஆம் பாட்டை நோக்குக. ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. மாலைப் பொழுதில் வேலிப்புறத்தே காட்டுப்பூனை வருகிறது. வீட்டுக்கோழியின் குஞ்சுகள் எங்கே புகுவதென்று அறியாது கூடி நிற்கின்றன. தாய்க்கோழி அவற்றைக் கூவி அழைக்கிறது. அக்கூவல் ஊரார் அம்பலுக்கு உவமையாகிறது. கோழிக்குஞ்சு ஓடு குஞ்சினத்துக்கே எடுத்துக்காட்டானது. அதையும் மாசாத்தியார் பிள்ளை என்றே கூறுகிறார். கருத்து இங்கே விழுந்துவிடுகிறது. ஊட்டப்பெறும் நாரைக் குஞ்சும் பிள்ளை; ஓடித் திரியும் கோழிக் குஞ்சும் பிள்ளை. சொல் வகை பிரிக்கவில்லை.

ஆனால் இன்னொன்றை நோக்குக. சொல் வகை பிரிக்காவிடினும் புலவர் கண் வகை பிரித்திருக்கிறது. நாரை வாயில் சொரிகிறது. கோழி குரலால் அழைக்கிறது. நாரைக் குஞ்சு இருந்த இடத்தில் கூவுகிறது. கோழிக் குஞ்சு ஓடிக் கூடி நிற்கிறது. கூட்டுக் குஞ்சைக் காக்கும் வழி இரை. ஓடு குஞ்சைக் காக்கும் வழி குரல். இதை இவ்விரு பாடல்களும் பிசகின்றிக் காட்டுகின்றன. நாரையினத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே இரை தேடும் என்பதும் நற்றிணைப் பாட்டில் சரியாக உள்ளது. இல்லாத கோட்பாட்டை நூற்பாவில் தேடி அலைந்த நண்பர், இருக்கின்ற காட்சியைப் பாட்டில் காணாமல் விட்டுவிட்டார் என்பதே என் வருத்தம்.

அன்னமும் ஆமையும் முதலையும்

‘பார்ப்பு’ என்னும் சொல்லுக்கு வருவோம். நற்றிணை 356 இல் அன்னம் தெளிந்த கடலில் மேய்ந்து, இமயத்து உச்சியிலுள்ள தன் வளராத குஞ்சுக்கு இரை கொண்டு பறக்கிறது. அக்குஞ்சு பார்ப்பு எனப்படுகிறது. அன்னம் என்பதை வரித்தலை வாத்து என்று கொள்வார் உளர். இமயத்தைக் கடந்து வந்து, கூந்தன்குளம் போன்ற தமிழ்நாட்டு நீர்நிலைகளிலும் குளிர்காலத்தைக் கழிக்கும் பறவை அது. வெண்ணிற நீள்கழுத்துப் பறவையெனக் கொள்வாரும் உளர். எதுவாயினும் வாத்தினத்தைச் சேர்ந்ததெனின், அதன் குஞ்சு ஓடு குஞ்சே. ‘கண் திறந்த குஞ்சு பார்ப்பு’ என்னும் நண்பரின் விதிக்குச் சொல் பொருந்துகிறது. ஆனால் பொருள் பொருந்தவில்லை. வரித்தலை வாத்தின் குஞ்சு பிறந்த பிறகு பெற்றோருடன் சென்று தானே புல் மேயும். அதற்குத் தாய் இரை சுமந்து செல்வதில்லை. புலவர் அன்னக் குஞ்சை நாரைக் குஞ்சாக எண்ணிப் பாடியிருக்கிறார்.

இதனால் பாட்டுக்கு இழுக்கா? இல்லை. இமயத்து உச்சியில் அன்னத்தின் கூட்டைக் கண்டவர் யார்? நாரையைப் புன்னை மரத்தில் பார்த்த புலவர் பார்த்ததைப் பாடினார். அன்னத்தைப் பாடியவர் அரிய தொலைவையும் தளராத சிறகையும் பாடினார். முன்னது காட்சி, பின்னது கற்பனை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து ‘எல்லாம் விஞ்ஞானம்’ என்பதுதான் இழுக்கு.

ஐங்குறுநூற்றில் ஓரம்போகியார் பாடல்கள் இரண்டு இதைவிடத் தெளிவானவை. 44 ஆம் பாட்டில் ஆமைப் பார்ப்பு தாய் முகத்தை நோக்கியே வளர்வதாகக் கூறுகிறார். பார்ப்பு என்பது பார்த்தலினின்று வந்தது என்பார்க்கு இப்பாட்டு பெருவிருந்து. ஆனால் ஆமை செய்வது என்ன? மணலில் குழி பறித்து முட்டையிட்டு மூடிவிட்டுப் போய்விடுகிறது. திரங்கானு கடற்கரையில் கடலாமை முட்டையிடுவதைக் கண்டவர் இதனை அறிவர். குஞ்சு தாய் முகத்தைக் காண்பதே இல்லை. 41 ஆம் பாட்டிலோ முதலை தன் பார்ப்பையே தின்னும் அன்பிலா உயிராக வருகிறது. இன்று நாம் அறிவது வேறு. முட்டைக்குள்ளிருந்து குஞ்சுகள் கத்தும் ஒலி கேட்டுத் தாய் முதலை மணலைத் தோண்டித் திறக்கிறது. குஞ்சுகளை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுபோய் விடுகிறது. அதைத் தொலைவிலிருந்து கண்டவர், குஞ்சைத் தின்கிறது என்று எண்ணியிருத்தல் கூடும்.

மூன்று பாட்டு இடைவெளியில் அன்புள்ள ஆமையையும் அன்பில்லாத முதலையையும் படைத்தார் புலவர். இயற்கையில் ஆமைக்குக் குஞ்சு வளர்ப்பு இல்லை, முதலைக்கு உண்டு. இன்று வாழும் உயிர்களுள் பறவைக்கு மிக நெருங்கிய உறவு முதலையே என்பதையும் சேர்த்து எண்ணுக. குஞ்சைக் காக்கும் குணம் பறவையினத்துக்குப் புதிதாய் முளைத்ததன்று. முதலையும் பறவையும் பிரிவதற்கு முன்பே அதன் வேர் இருந்திருக்கலாம். சபா மாநிலக் கரையோரத் தீவுகளில் ‘பெருங்கால்’ என்று பொருள்படும் பெயருடைய மெகபோடு என்னும் பறவை இருக்கிறது. மணலிலும் சருகு மேட்டிலும் முட்டையைப் புதைத்துவிட்டு அது போய்விடும். அதன் முட்டையில் மஞ்சட்கரு பாதிக்கு மேல். குஞ்சு தானே மண்ணைக் கிளறி மேலே வந்து, ஒரு நாளுக்குள் பறக்கவும் வல்லது. தாய் தரவேண்டியதையெல்லாம் முட்டைக்குள்ளேயே கட்டிக் கொடுத்துவிட்டது. பறவைகளுள் ஆமையைப் போன்றது இதுவே. ஓரம்போகியார் இப்பறவையை அறிந்தவரல்லர். அவர் பாடியது தலைவன் மார்பை நோக்கி வாழும் தலைவியை, ஆமையை அன்று.

முடிவு

தொகுத்துக் கூறுவோம். பறவைக் குஞ்சு இருவகை என்பது மெய். அவ்விருவகையும் பறவையின் கால், சிறகு, மூளை, பருமன் ஆகியவற்றை வகுத்தன என்பதும் மெய். தொல்காப்பியர் பறவையின் இளமைக்கு இரண்டு பெயர் கூறினார் என்பதும் மெய். இம்மூன்று மெய்களையும் ஒரு கயிற்றில் கட்டி, ‘ஆகவே தொல்காப்பியர் இருவகைக் குஞ்சும் அறிந்து பெயரிட்டார்’ என்பது மெய்யன்று. பிள்ளை என்னும் சொல் நாரைக்கும் கோழிக்கும் பொதுவாய் வழங்குகிறது. பார்ப்பு என்னும் சொல் அன்னத்துக்கும் ஆமைக்கும் முதலைக்கும் பொதுவாய் வழங்குகிறது. தொல்காப்பியர் மரபைத் தொகுத்தார். பறவையை அறுத்து ஆராயவில்லை. அவர் செய்த பணி அவருக்குப் போதிய புகழ்.

ஆகவே பார்ப்பு, பிள்ளை என்னும் பழஞ்சொற்களை விஞ்ஞானக் கலைச்சொல்லாக்கி அவற்றின் பழம்பொருளைக் குலைக்க வேண்டா. புதிய கருத்துக்குப் புதிய தொடர் ஆக்குவோம். கூட்டுக் குஞ்சு, ஓடு குஞ்சு என்று இக்கட்டுரையில் ஆண்டவை பிள்ளைகளுக்கு எளிதில் விளங்கும். ஓடு என்பது முட்டையோட்டையும் நினைவூட்டுவதால், ஓட்டை விட்டதும் ஓடுவது ஓடு குஞ்சு என்று வகுப்பில் சொல்லிவிடலாம். இவற்றினும் நல்லன காண்பார் எழுதுக, ஏற்றுக்கொள்ளத் தயங்கேன்.

நண்பருக்கும் ஒரு விண்ணப்பம். அதே பாடத்தை இன்னொருமுறை நடத்துங்கள். நற்றிணை 91 ஐயும் குறுந்தொகை 139 ஐயும் அருகருகே வைத்து, இரண்டு தாய்ப்பறவைகளும் ஏன் வேறுவேறு விதமாகக் குஞ்சைக் காக்கின்றன என்று மாணவரைக் கேளுங்கள். விடை தேடி அவர்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் செல்லட்டும். அங்கே பெற்ற விடையோடு பாட்டுக்குத் திரும்பி வருவார்கள். அப்போது ஒக்கூர் மாசாத்தியார் வேலியோரத்தில் நின்று எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதை நாம் சொல்லாமலே அவர்கள் காண்பார்கள்.